பெரியப்பாவின் டிவிடி பிளேயருக்கு 24/96 கோப்புகளை எந்த மென்பொருளில் ரைட் செய்வது?

சீவாளி எழுதியது:

வணக்கம். பென் டிரைவில் போட்டுக் கொடுப்பது இங்கே வழியில்லை. ஏன் என்று புரிய முதலில் கொஞ்சம் கதை சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் அப்பா நாயனம், பெரியப்பா தவில். 1983 முதல் 1991 வரை இருவரும் சேர்ந்து கோயில் உற்சவங்களில் வாசித்ததை அம்மா ஒரு நேஷனல் பானசோனிக் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்திருந்தார். மொத்தம் 31 கேசட், எல்லாமே 90 நிமிடம் ஓடுபவை. அட்டையில் பென்சிலால் "4ம் நாள், மல்லாரி, அப்புறம் கல்யாணி" என்று அம்மாவே எழுதியிருக்கிறார். நான்கு கேசட்டுகளுக்கு மட்டும் அட்டை இல்லை. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. பெரியப்பாவுக்கு 81 வயது, திருவாரூர் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார்.

போன வருடம் ஒரு நல்ல கேசட் டெக் கிடைத்தது. ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டைத் துடைத்து, ஹெட் சாய்வைச் சரிசெய்யும் ஸ்க்ரூவைத் திருப்பி ஒலி தெளிவாகும் இடத்தில் நிறுத்தி, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் (சுருக்கமாக 24/96) பதிவு செய்தேன். ஒரு பக்கம் 45 நிமிடம் வேவ் கோப்பாக ஒன்றரை ஜிபி வருகிறது. எல்லாவற்றையும் ஃப்ளாக்காக (தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வகை) மாற்றி இரண்டு ஹார்டு டிஸ்கில் வைத்திருக்கிறேன். அது பத்திரமாக இருக்கிறது, அதில் கவலை இல்லை.

பெரியப்பாவிடம் ஒரு பழைய டிவிடி பிளேயர் இருக்கிறது. அதிலிருந்து சிவப்பு, வெள்ளை வயர் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு. பிளேயரில் யுஎஸ்பி கிடையாது, வீட்டில் இணையமும் கிடையாது. அறுபது வருடம் தவில் வாசித்த கை, வலது கை விரல்கள் இப்போது சரியாக மடங்குவதில்லை. ரிமோட்டில் பிளே, அடுத்தது என்ற இரண்டு பொத்தான்தான் அவரால் அழுத்த முடியும். தட்டைப் போட்டதும் தானாகப் பாட ஆரம்பிக்க வேண்டும். திரையில் மெனு வந்து நின்றால் அவரால் நகர்த்த முடியாது.

இதுவரை செய்து பார்த்தவை: ஃப்ளாக் கோப்புகளை அப்படியே டேட்டா டிவிடியாக ரைட் செய்தேன், பிளேயர் படிக்கவில்லை. பிறகு "ஆடியோ டிவிடி" என்று விளம்பரம் பார்த்து ஒரு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினேன். அது செய்த தட்டு பாடியது, ஆனால் ஜால்ரா சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. தட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். எழுதப்பட்ட வளையம் நடுவில் அரை விரல் அகலம்கூட இல்லை. 90 நிமிடம் 24/96 அந்த இடத்தில் எப்படி அடங்கும்?

தரம் குறையாமல், மெனு இல்லாமல், சாதாரண டிவிடி பிளேயரில் பாடும்படி ரைட் செய்ய எந்த மென்பொருள் சரி? என்னிடம் விண்டோஸ் லேப்டாப்பும் வெளியே வைத்துச் செருகும் டிவிடி ரைட்டரும் இருக்கின்றன.


கேசட் பெட்டி எழுதியது:

முதலில், 31 கேசட்டையும் உட்கார்ந்து மாற்றியதற்கு வாழ்த்து. ஹெட் சாய்வை ஒவ்வொரு கேசட்டுக்கும் சரிசெய்கிறவர்கள் மிகக் குறைவு. பாதித் தரம் அங்கேதான் இருக்கிறது.

என் யோசனை, ஆடியோ சிடியாகப் போட்டுவிடுங்கள். டேப் ரெக்கார்டரில் பதிவான சாதாரண கேசட்டில் இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் நடுவே 50, 55 டெசிபல் இருந்தாலே பெரிது. 16 பிட் சிடி 96 டெசிபல் தாங்கும். அந்த வகை ரெக்கார்டரின் மைக்கும் ஹெட்டும் 12, 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் பிடித்திருக்காது, சிடியோ 20 வரை போகும். வெட்டிச் சரிசெய்யும் வேலைக்கு 24/96 நல்லது, நீங்கள் அப்படிப் பதிவு செய்தது சரிதான். கேட்பதற்கு 16/44.1 போதும் என்பது என் எண்ணம்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 24/96 கோப்பை அப்படியே ஆடியோ சிடியில் எழுதும் மென்பொருள் எங்கும் கிடையாது. ஆடியோ சிடியின் வரையறையே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். எந்த மென்பொருளில் இழுத்துப் போட்டாலும் அது உள்ளே குறைத்துத்தான் எழுதும், எப்படிக் குறைத்தது என்று நமக்குச் சொல்லாது. அதனால் குறைக்கும் வேலையை நீங்களே ஆடாசிட்டியில் செய்யுங்கள். தர அமைப்புகளில் மாதிரி வீத மாற்றத்துக்கு (96-ஐ 44.1 ஆக்குவது) உயர்ந்த தரத்தையும், டிதருக்கு (பிட் குறைக்கும்போது வரும் பிழையை மறைக்கச் சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) "ஷேப்டு" என்பதையும் வையுங்கள். 16 பிட் வேவாக எடுத்து, இம்க்பர்ன் அல்லது சிடிபர்னர்எக்ஸ்பியில் ரைட் செய்யுங்கள். இரண்டும் இலவசம்.


ஒலிமேசை எழுதியது:

கேசட் பெட்டி ஐயா சொன்ன கணக்கில் தப்பு இல்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் டிவிடிதான் சொல்வேன். காரணம் நேரம். சிடியில் 80 நிமிடம்தான் அடங்கும். 90 நிமிட கேசட்டை எங்கேயாவது வெட்டியே ஆக வேண்டும். ஒரு பக்கம் முடியும்போது வாசிப்பு ஏற்கனவே ஒருமுறை வெட்டுப்பட்டிருக்கும், அதற்குமேல் இன்னொரு வெட்டு எதற்கு? விரல் மடங்காதவர் எழுந்து தட்டை மாற்ற வேண்டும் என்பதும் இருக்கிறது. ஒரு கேசட்டுக்கு ஒரு தட்டு என்று வைத்தால் அம்மா எழுதிய அட்டையையும் அப்படியே கூட வைத்துவிடலாம்.

இனி மென்பொருள். அதைத் தேடும் முன் எந்த வகைத் தட்டு என்று முடிவு செய்யுங்கள், ஏனென்றால் "ஆடியோ டிவிடி" என்ற பெயரில் மூன்று வேறு பொருள்கள் உலவுகின்றன.

டிவிடி-ஆடியோ என்று ஒரு தனி வகை 2000-ம் ஆண்டு வாக்கில் கடைக்கு வந்தது. 24/192 ஸ்டீரியோ வரை தாங்கும். அதற்கென்றே செய்த பிளேயர் வேண்டும், உங்கள் பெரியப்பாவிடம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. டிவிடிஏ-ஆதர் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும், உங்களுக்குத் தேவையில்லை. இரண்டாவது, டேட்டா டிவிடி. அதைப் பார்த்துவிட்டீர்கள். பிற்காலத்து ப்ளூ-ரே பிளேயர்கள் சிலவற்றில் ஃப்ளாக் பாடும், பழைய டிவிடி பிளேயரில் பாடாது.

மூன்றாவதுதான் உங்களுக்கு: சாதாரண டிவிடி-வீடியோ. சினிமா தட்டு எந்த வகையோ அதே வகை. அதன் வரையறையிலேயே, சுருக்காத பிசிஎம் ஒலியை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவாக வைக்க இடம் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. திரையில் ஒரு கறுப்புப் படம் நிற்கும், ஒலி முழுத் தரத்தில் ஓடும். ஏறக்குறைய எல்லா டிவிடி பிளேயரும் இதைப் படிக்கும்.

நீங்கள் வாங்கிய மென்பொருள் என்ன செய்தது என்பதை அந்த வளையமே சொல்லிவிடுகிறது. அதுவும் டிவிடி-வீடியோதான் செய்திருக்கிறது, ஆனால் ஒலியை ஏசி3 ஆகச் சுருக்கிவிட்டது. விநாடிக்கு 192 கிலோபிட் என்றால் 90 நிமிடத்துக்கு 130 எம்பிதான். அதே 90 நிமிடம் 24/96-இல் சுருக்காமல் இருந்தால் 3.1 ஜிபி. தட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிறம் மாறியிருக்க வேண்டும். எந்த மென்பொருளாக இருந்தாலும் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 90 நிமிடத்துக்கு வெளியே வருகிற கோப்புகளின் மொத்த அளவு 3 ஜிபிக்கு மிகக் குறைவாக இருந்தால் ஏதோ ஒன்றைக் குறைத்துவிட்டது என்று அர்த்தம்.

நான் பயன்படுத்துவது எல்ப்ளெக்ஸ். இலவசம், பழசு, பார்க்க அழகாக இருக்காது, கறுப்புச் சாளரத்தில் எழுத்தாக ஓடும். ஆனால் இந்த ஒரு வேலைக்காகவே செய்யப்பட்டது. ஒரு கேசட்டின் ஃப்ளாக் கோப்புகளை ஒரு கோப்புறையில் வரிசையாக எண் போட்டு வைத்து, அந்தக் கோப்புறையை எல்ப்ளெக்ஸ் ஐகான் மேல் இழுத்துவிட்டால் போதும். ஒலியைத் தொடாமல் அப்படியே டிவிடி கட்டமைப்பில் அடுக்கிவிடும். மெனு கிடையாது, தட்டைப் போட்டால் முதல் கோப்பு பாட ஆரம்பித்துவிடும். ரிமோட்டில் அடுத்தது அழுத்தினால் அடுத்த கோப்பு. உங்கள் பெரியப்பாவுக்கு இது சரியாக இருக்கும். இன்னொரு நல்ல குணம், நாளைக்கு உங்கள் ஹார்டு டிஸ்க் இரண்டும் போனாலும் அந்தத் தட்டிலிருந்து அதே எல்ப்ளெக்ஸ் மூலம் ஃப்ளாக் கோப்புகளைத் திரும்ப எடுக்கலாம்.

அது தரும் கட்டமைப்பை இம்க்பர்னில் ரைட் செய்யுங்கள். ரைட் செய்யும் முன் ஒருமுறை மீடியாஇன்ஃபோ என்ற, கோப்பின் விவரம் காட்டும் மென்பொருளில் அந்த விஓபி கோப்பை (கட்டமைப்பில் ஒலியும் படமும் இருக்கும் கோப்பு) திறந்து பாருங்கள். பிசிஎம், 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று மூன்றும் வந்தால் சரி. ஏசி3 என்று வந்தால் தட்டை வீணாக்க வேண்டாம்.

மூன்று பக்கத்தை ஒரே தட்டில் போட நினைக்காதீர்கள். 135 நிமிடம் கணக்குப்படி 4.67 ஜிபி, தட்டு 4.7 ஜிபி, ஏறிவிடும் போலத் தெரியும். படமும் கட்டமைப்பும் பிடிக்கும் இடத்தைச் சேர்த்தால் ஏறாது. நான் இதில் ஒரு முழு இரவு தொலைத்தேன்.

தட்டு டிவிடி-ஆர் வாங்குங்கள், மைனஸ் வகை. பழைய பிளேயர்களுக்கு அதுதான் ஒத்துவரும். திரும்ப எழுதும் தட்டுகளைப் பல பழைய பிளேயர்கள் படிப்பதில்லை. எழுதும் வேகம் 16 எக்ஸ் என்று போட்டிருந்தாலும் 8 எக்ஸில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் சரிபார்க்கும் தெரிவை இம்க்பர்னில் கட்டாயம் டிக் செய்து வையுங்கள். மேலே பேப்பர் லேபிள் ஒட்ட வேண்டாம், தட்டு சுற்றும்போது ஒரு பக்கம் கனக்கும், நாளாக நாளாக உரியவும் செய்யும்.


சீவாளி எழுதியது:

ஒலிமேசை அண்ணா, மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. எல்ப்ளெக்ஸ் நீங்கள் சொன்னபடியே ஓடியது. மீடியாஇன்ஃபோ 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் காட்டியது. 7-ம் எண் கேசட்டை எழுதினேன், தட்டின் பின்பக்கம் விளிம்பை நோக்கி நன்றாகப் போயிருந்தது. எங்கள் வீட்டு பிளேயரில் போட்டதும் உடனே பாடியது. ஜால்ரா ஜால்ராவாகக் கேட்கிறது. நாயனத்தில் சீவாளியைச் சரிசெய்துவிட்டு அப்பா முதல் மூச்சு ஊதும் அந்தச் சின்னச் சீறல்கூட இருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல். பெரியப்பா அடுத்தது அழுத்தினால் ஏதாவது ஒரு இடத்துக்குப் போக வேண்டுமே என்று நாற்பது நிமிடத் தோடியை ஆலாபனை, கீர்த்தனை, தனி (தவில் மட்டும் வாசிக்கும் பகுதி) என்று மூன்று கோப்பாக வெட்டினேன். கீர்த்தனையிலிருந்து தனிக்குப் போகும் இடத்தில் ஒரு சின்ன "டிக்" கேட்கிறது. ஆடாசிட்டியில் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் அது இல்லை. தவில் ஓடிக்கொண்டிருக்கும் இடம் அது. பெரியப்பா காதில் இது தப்பாமல் விழும்.

கேசட் பெட்டி ஐயா, நீங்கள் சொன்னபடி அதே கேசட்டின் ஒரு பக்கத்தைச் சிடியாகவும் போட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் என் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஒரு கேசட் ஒரு தட்டு என்பது மனதுக்குப் பிடித்துவிட்டது.


ஒலிமேசை எழுதியது:

அந்த "டிக்"குக்குக் காரணம் இருக்கிறது. டிவிடி-வீடியோவில் ஒலியும் படத்தோடு சேர்ந்துதான் நடக்க வேண்டும். நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் விநாடிக்கு 25 படம். 96 கிலோஹெர்ட்ஸை 25-ஆல் வகுத்தால் ஒரு படத்துக்கு 3840 மாதிரிகள். உங்கள் கோப்பு அந்த 3840-இன் மடங்கில் முடியாவிட்டால் மிச்ச இடத்தை மென்பொருள் மௌனத்தால் நிரப்பும். அது ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட வராது. பேச்சு நடுவே வந்தால் தெரியாது, தவில் நடுவே வந்தால் நிச்சயம் தெரியும்.

ஆடாசிட்டியில் நேரம் காட்டும் பெட்டியில் வடிவத்தை "பால் ஃப்ரேம், 25" என்று மாற்றுங்கள். பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும் தெரிவு ஒன்று இருக்கும், அதை இயக்கிவிடுங்கள். கோப்பின் தொடக்கம் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இப்போது நீங்கள் எங்கே வெட்டினாலும் வெட்டு ஒரு படத்தின் எல்லையில்தான் விழும், நிரப்ப மிச்சமே இருக்காது. எல்ப்ளெக்ஸும் பால் முறையில் செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) என்றால் இந்தக் கணக்கு மாறிவிடும்.

முடிந்தால் தனிக்கு நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) முன்னால் வெட்டுங்கள். அடுத்தது அழுத்துகிறவர் கீர்த்தனையின் கடைசி வரியைக் கேட்டுவிட்டுத் தனிக்குள் போவார். நேராகத் தவிலில் கொண்டுபோய் விடுவதைவிட அது நன்றாக இருக்கும்.


லினக்ஸ்வாசி எழுதியது:

இதே தேவையோடு பின்னால் வருகிறவர்களுக்காக இரண்டு விஷயம்.

லினக்ஸில் இருப்பவர்கள் டிவிடிஆதர் என்ற மென்பொருள் மூலம் கட்டமைப்பைச் செய்து, கே3பி என்ற ரைட் செய்யும் மென்பொருளில் எழுதலாம். புதிய திட்டம் தொடங்கும்போது டேட்டா டிவிடி என்று எடுக்காமல் வீடியோ டிவிடி என்று எடுக்க வேண்டும். கோப்புகள் தட்டில் எந்த வரிசையில் விழ வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. டேட்டாவாக எழுதினால் கணினியில் பாடும், சில பிளேயர்களில் பாடாது.

காசு கொடுத்து இறக்கிய பாடல்கள் 88.2 அல்லது 192 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் மேலே சொன்ன வழி நேராக வேலை செய்யாது. டிவிடி-வீடியோவுக்கு 48-ம் 96-ம் மட்டும்தான் தெரியும். சாக்ஸ் மாதிரி நல்ல மாற்றி ஒன்றில் 96-க்குக் கொண்டுவந்துவிட்டுச் செய்யுங்கள். ஃபூபார்2000 என்ற பாட்டு கேட்கும் மென்பொருளில் சாக்ஸ் இணைப்பு உண்டு. எஸ்ஏசிடியை (சூப்பர் ஆடியோ சிடி என்ற இன்னொரு உயர்தரத் தட்டு வகை) வீட்டில் எந்த ரைட்டராலும் எழுத முடியாது, அதற்கு மென்பொருள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆம்ப்ளிஃபயருக்கு டிஜிட்டல் வயர் போட்டிருப்பவர்கள் பிளேயரின் அமைப்பு மெனுவில் எல்பிசிஎம் (சுருக்காத பிசிஎம் ஒலி) வெளியீடு 48 என்று இருக்கிறதா, 96 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பல பிளேயர்கள் 48-இல்தான் கடையிலிருந்து வருகின்றன. சீவாளிக்கு அந்தக் கவலை இல்லை, சிவப்பு வெள்ளை வயர் என்றால் மாற்றும் வேலை பிளேயருக்குள்ளேயே முடிந்துவிடும்.


சீவாளி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பால் ஃப்ரேம் வழி சரியாக வேலை செய்தது, "டிக்" போய்விட்டது. இதுவரை 12 தட்டு முடித்திருக்கிறேன். இரண்டு தட்டு சரிபார்க்கும்போதே தவறிவிட்டது, 16 எக்ஸில் எழுதிய அவசரம். மீண்டும் 8 எக்ஸில் எழுதினேன், தேறின.

போன சனிக்கிழமை ஊருக்கு எடுத்துக்கொண்டு போனேன். பெரியப்பா முதலில் கேட்டது 7-ம் எண். தோடி ஆலாபனையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தனி வந்ததும் இடது கையில் கழி இருப்பதுபோல் தொடையில் தொப்பியை (தவிலின் இடது பக்கம்) வாசித்துக்கொண்டே இருந்தார். நடுவில் நிறுத்தச் சொல்லி, "நான் அடிக்கும்போதெல்லாம் உங்கப்பன் நாயனம் ஏன் கீழே போகுது? அவன் அப்படி ஊதுறவன் இல்லையே" என்றார். அந்த ரெக்கார்டரில் ஒலி அதிகமானால் தானே குறைத்துக்கொள்ளும் அமைப்பு இருந்தது, தவில் பலமாக விழும்போது அது எல்லாவற்றையும் சேர்த்து இறக்கிவிட்டது என்று விளக்கினேன். "அப்ப பெட்டியோட வேலை" என்று சொல்லிவிட்டு மறுபடி போடச் சொன்னார். அந்த இறக்கத்தைச் சரிசெய்ய முயற்சி செய்ய மாட்டேன். அம்மா எப்படிப் பிடித்தாரோ அப்படியே இருக்கட்டும்.

அட்டை இல்லாத நான்கு கேசட்டில் ஒன்றையும் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அப்பாவும் பெரியப்பாவும் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, "இது நான் இல்லை" என்றார். தொப்பியில் கழி விழும் இடத்தை வைத்தே சொன்னார். அந்த உற்சவத்தில் அவருக்குக் காய்ச்சல், அவருடைய குரு வீட்டுப் பையன் ஒருவன் இரண்டு நாள் வந்து வாசித்தான், முதல் நாள் மல்லாரிக்கு இவ்வளவு வேகம் வேண்டாம் என்று அப்பா அவனைத் தெருவிலேயே நிறுத்திச் சொன்னார் என்று முழுக்கதையும் வந்தது. அதற்கு முன் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. கோப்பின் பெயரையும் தட்டின் அட்டையையும் அன்றிரவே மாற்றி எழுதினேன்.

மிச்சம் மூன்று அட்டையில்லாத கேசட்டுகளைத்தான் இப்போது முதலில் எழுதப் போகிறேன்.